மரக்கட்டையிலிருந்து சர்வர் வரை: பதிவுகளைப் படித்தவர்களின் வரலாறு

பாய்மரக் கப்பலின் பின்தளத்தில் மூவர் நிற்பார்கள். ஒருவர் கையில் கயிறு சுற்றிய உருளை இருக்கும். இன்னொருவர் கையில் 28 விநாடிகளில் வடிந்துவிடும் மணற்கடிகாரம் இருக்கும். மூன்றாமவர், கால்வட்டமாக அறுத்து விளிம்பில் ஈயம் பதித்த ஒரு மரத்துண்டைக் கடலில் எறிவார். மரத்துண்டு நீரில் நின்ற இடத்திலேயே நிற்க, கப்பல் முன்னே செல்லும். உருளையிலிருந்து கயிறு ஓடும். மணல் வடிந்து முடிவதற்குள் கயிற்றின் எத்தனை முடிச்சுகள் கைவிரல்களைக் கடந்தன என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் முடிச்சைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல் இன்றும் கடல்வேகத்தின் அலகாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இந்த முறையை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார்.

கடலில் எறியப்பட்ட அந்த மரத்துண்டின் பெயர் 'லாக்'. மரக்கட்டை என்பதே அதன் பொருள். கட்டையைக் கொண்டு கண்ட அளவைக் குறிக்கும் பலகை 'லாக் பலகை' ஆயிற்று. பலகையிலிருந்து பெயர்த்தெழுதும் ஏடு 'லாக் புத்தகம்' ஆயிற்று. பின்னர் புத்தகம் என்ற சொல் உதிர்ந்து, எழுதப்பட்டதே 'லாக்' ஆயிற்று. இன்று பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ புணேயிலோ ஒரு நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் குழுவினர் நள்ளிரவில் "லாக் என்ன சொல்கிறது?" என்று ஒருவரையொருவர் கேட்கும்போது, ஐந்நூறு ஆண்டுப் பழமையை நெருங்கும் ஒரு மரத்துண்டின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சொல்லோடு வேலையும் வந்து சேர்ந்தது. கப்பலில் மணிக்கு ஒருமுறை வேகம், திசை, காற்று ஆகியவற்றைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். நாளுக்கு ஒருமுறை, நண்பகலில், பலகையில் இருந்ததைப் புத்தகத்தில் பெயர்த்தெழுதினார்கள். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த நாளைத் தொடங்கினார்கள். சேகரித்தல், பெயர்த்தல், துடைத்தல், பாதுகாத்தல் என்ற இந்த நான்கு வேலைகளும் இன்றைய சர்வரின் பதிவுக்கோப்புகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன. ஐந்தாவது வேலை ஒன்று உண்டு, அது படித்தல். பதிவு மேலாண்மையைத் தானியக்கமாக்கும் முயற்சிகளின் வரலாற்றில், முதல் நான்கும் மெல்ல மெல்ல மனிதர் கையிலிருந்து விலகின. ஐந்தாவதோ இன்னும் முழுதாக விலகவில்லை. அதை விலக்கிவிட்டதாக நம்பிய இடங்களில் நேர்ந்தது என்ன என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் தங்கள் பதிவேடுகளை லண்டனில் ஒப்படைத்தன. அவற்றுள் ஆயிரக்கணக்கானவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆனால் ஒப்படைக்கப்பட்ட ஏடுகள் நெடுங்காலம் அடுக்கில் உறங்கின. தனித்தனிக் கப்பலின் பதிவு தனித்தனிக் கதையாகவே கிடந்தது. பல கப்பல்களின் பதிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் அவற்றுக்குப் பொதுவான செய்தி ஒன்று புலப்படக்கூடும் என்று கருதி, இந்திய மண்ணில் அதற்காகவே உழைத்தவர்களுள் முதன்மையானவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன்.

பிடிங்டன் கப்பல் தலைவராக இருந்து கரையேறியவர். பின்னாளில் கல்கத்தாவின் கடல்விபத்து விசாரணை மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர். 1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் வீசிய புயலைப் பற்றி, அந்நேரத்தில் கடலில் இருந்த கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தொடர்ந்து புயல்களைப் பற்றி அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும் கைவேலை இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு எழுதிப் பதிவேடுகளைப் பெறவேண்டும். ஒவ்வொரு கப்பலும் எந்நேரத்தில் எங்கிருந்தது, காற்று எத்திசையிலிருந்து வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அவற்றை வரைபடத்தில் பதிக்க வேண்டும்.

இதில் நேரம் என்பதே ஒரு சிக்கல். பழைய கடல்மரபில் நாள் நள்ளிரவில் தொடங்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு மணிநேரம் முன்னதாக, நண்பகலில் தொடங்கியது. பிரிட்டிஷ் கடற்படை இந்த மரபை 1805இல் கைவிட்டது. வணிகக் கப்பல்கள் பலவற்றில் அது அதன்பின்னும் நீடித்தது. திங்கட்கிழமை மாலை என்று கரையில் எழுதியதும் செவ்வாய் என்று கப்பலில் எழுதியதும் ஒரே பொழுதாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவராமல் அருகருகே வைத்தால், ஒரு புயல் இரண்டு புயலாகத் தோன்றும்.

இந்த உழைப்பின் பயனாக 1848இல் பிடிங்டன் கடலோடிகளுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். அதில்தான் 'சைக்ளோன்' என்ற சொல் முதன்முதலாக அச்சேறியது. பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் உருவாக்கிய சொல் அது. சொல்லைவிடவும் கவனிக்கத்தக்கது அந்நூலோடு கொடுக்கப்பட்ட மற்றொன்று: ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில், புயலின் சுழல்காற்று எப்பக்கம் எத்திசையில் வீசும் என்று வட்டமாக அச்சிட்ட அட்டை. கப்பல் தலைவர் அதைத் தம் வரைபடத்தின்மேல் வைத்து, அப்போது வீசும் காற்றின் திசையோடு பொருத்தினால், புயலின் மையம் எப்பக்கம் இருக்கிறதென்று அறிந்து விலகலாம். ஆண்டுக்கணக்கில் பல பதிவேடுகளை ஒப்பிட்டுக் கண்ட முடிவு ஒரு தகட்டில் அடங்கியது. புயலுக்குள் நிற்பவர் பழைய பதிவேடுகள் எதையும் புரட்டத் தேவையில்லாமல் போயிற்று. பதிவுகளைப் படிக்கும் சுமையை ஒரு கருவிக்கு மாற்றிய தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக அந்தத் தகட்டைக் கொள்ளலாம்.

அதே மனிதரின் வாழ்வில் வேறொரு செய்தியும் உண்டு. மாத்லா ஆற்றங்கரையில் கல்கத்தாவுக்குத் துணைத் துறைமுகமாக போர்ட் கேனிங்கை அமைக்க அரசு திட்டமிட்டபோது, பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதி எச்சரித்தார். புயலோடு எழும் கடல்நீர் என்றேனும் அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்பது அவர் வாதம். துறைமுகம் கட்டப்பட்டது. பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867 நவம்பரில் வந்த புயலில் அத்துறைமுகம் பேரழிவுக்கு உள்ளாகி, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பதிவுகள் ஒழுங்காகத் திரட்டப்பட்டன, சரியாகப் படிக்கப்பட்டன, எச்சரிக்கையும் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்பவர் மட்டும் இல்லை.

பிடிங்டன் கல்கத்தாவில் உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்கு 1842இல் பொறுப்பேற்றார் மாத்யூ ஃபோன்டெய்ன் மோரி. அங்கும் பழைய பதிவேடுகள் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து, 1847இல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிடத் தொடங்கினார். விரைவிலேயே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது: ஒவ்வொருவரும் தத்தம் பாணியில் எழுதிய பதிவுகளைப் பிறகு உட்கார்ந்து சீர்செய்வது முடிவில்லாத வேலை. எனவே அவர் கட்டங்கள் வரைந்த ஒரு படிவத்தை அச்சிட்டுக் கப்பல்களுக்குக் கொடுத்தார். அதை நிரப்பித் திருப்பித் தருவோருக்கு வரைபடங்கள் இலவசம். 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கடற்பதிவுக்கு ஒரு பொதுப் படிவத்தை ஏற்றுக்கொண்டனர்.

மோரியின் படிவம் சொல்லும் பாடம் எளிது. படிக்கும் இடத்தில் சுமை குறைய வேண்டுமானால், எழுதும் இடத்தில் ஒழுங்கு வேண்டும். கணினி உலகம் இதே பாடத்தை ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்றது.

1980களின் தொடக்கத்தில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 'சென்ட்மெயில்' என்ற மின்னஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். அதன் செயல்பாடுகளைக் குறித்துவைக்க அவர் எழுதிய துணைநிரல் 'சிஸ்லாக்'. ஒவ்வொரு நிரலும் தனக்கெனத் தனிக்கோப்பு வைத்துத் தன் பாணியில் எழுதிக்கொள்வதற்குப் பதிலாக, எல்லா நிரல்களும் ஓரிடத்தில் செய்தியைக் கொடுக்க, அந்த இடம் செய்திகளைப் பிரித்து உரிய கோப்பில் சேர்க்கும். ஒவ்வொரு செய்தியோடும் இரண்டு அடையாளங்கள் ஒட்டப்பட்டன: எந்தப் பிரிவிலிருந்து வந்தது, எவ்வளவு கடுமையானது. கடுமைக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் கணினியே பயன்படாத நிலை. 7 என்றால் நிரலாளருக்கு மட்டும் தேவையான நுணுக்கக் குறிப்பு. பிற மென்பொருள்களும் இதை எடுத்துக்கொண்டன. யூனிக்ஸ் உலகின் பொதுவழக்காக அது நிலைத்தது.

பொதுவழக்கானாலும் அதற்கு எழுத்துவடிவ இலக்கணம் நெடுங்காலம் இல்லை. நடைமுறையில் இருப்பதை விவரிக்கும் ஆவணமே 2001இல்தான் வந்தது. அந்தப் பழைய வடிவத்தில் நேரம் குறிக்கும் முறை வியப்புக்குரியது. மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி எல்லாம் உண்டு. ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. மும்பை சர்வரின் பதிவையும் லண்டன் சர்வரின் பதிவையும் அருகருகே வைத்தால், ஐந்தரை மணிநேர இடைவெளியை யாராவது மனத்தில் கணக்கிட்டுச் சரிசெய்ய வேண்டும். நண்பகலில் தொடங்கும் கப்பல் நாளோடு பிடிங்டன் தலைமுறையினர் பட்ட பாடுதான் இதுவும். 2009இல் வந்த புதிய தரநிலையில் ஆண்டும் நேர மண்டலமும் இடம்பெற்றன.

பலகையைத் துடைக்கும் வேலைக்கும் ஒரு கருவி வந்தது. பதிவுக்கோப்பு வளர்ந்துகொண்டே போகும்; கவனிக்காவிட்டால் வட்டு நிரம்பி, சேவையே நின்றுவிடும். நோயைக் கண்டறிய வைத்த பதிவே நோயாக மாறும் நிலை அது. முன்னாளில் சர்வர் நிர்வாகிகள் தாமே உட்கார்ந்து பழைய கோப்புகளைச் சுருக்கி, நகர்த்தி, அழித்தார்கள். அல்லது ஆளுக்கொரு சிறுநிரல் எழுதிக்கொண்டார்கள். 1990களில் ரெட் ஹாட் நிறுவனத்தில் எரிக் டிரோனும் பிரெஸ்டன் பிரவுனும் எழுதிய 'லாக்ரொட்டேட்' இவ்வேலையைச் சில வரி விதிகளுக்குள் அடக்கியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை புதிய கோப்பைத் தொடங்குவது, பழையதைச் சுருக்குவதா, எத்தனை கோப்புகளை வைத்துக்கொண்டு மிகப் பழையதை அழிப்பது என்று ஒருமுறை எழுதிவைத்தால் போதும். கப்பலில் நண்பகலில் பலகையைத் துடைத்தவரின் இடத்தை அந்த நிரல் எடுத்துக்கொண்டது.

படித்தலின் கதை வேறு. 1986 ஆகஸ்டில், பெர்க்லியில் உள்ள லாரன்ஸ் ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அந்த அற்பத் தொகையை விசாரிக்கும் வேலை, புதிதாகக் கணினிப் பிரிவுக்கு வந்த வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் கொடுக்கப்பட்டது. ஒத்துப்போகாத இரண்டு கணக்குப் பதிவுகளைப் பின்தொடர்ந்து சென்ற அவர், தொலைவிலிருந்து ஒருவர் ஆய்வகக் கணினிக்குள் புகுந்து உலவுவதைக் கண்டார். புகுந்தவர் உயர் அதிகாரம் பெற்றிருந்ததால், கணினிக்குள் இருக்கும் பதிவை அவரால் மாற்றிவிட முடியும். எனவே ஸ்டோல், உள்ளே வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, நடப்பவற்றைக் காகிதத்தில் பதிவுசெய்தார். ஐயத்துக்குரிய கணக்கில் யாரேனும் நுழைந்தால் தம் பேஜர் ஒலிக்கும்படியும் செய்தார். விசாரணையின் முடிவில் ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த ஒருவர் பிடிபட்டார். திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டது தெரியவந்தது.

ஸ்டோல் செய்த இரண்டும் பின்னாளில் ஆபரேஷன்ஸ் குழுக்களின் அடிப்படை விதிகளாயின. பதிவை, அது உண்டாகும் கணினியிலிருந்து உடனே வெளியே எடுத்துவிடவேண்டும் என்பது ஒன்று. எல்லாவற்றையும் மனிதர் விழித்திருந்து பார்க்காமல், குறிப்பிட்ட அடையாளம் தென்பட்டால் மட்டும் எழுப்பும்படி செய்யவேண்டும் என்பது மற்றொன்று. 1993இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஹேன்சனும் டாட் அட்கின்ஸும் வெளியிட்ட 'ஸ்வாட்ச்' என்ற கருவி இந்த இரண்டாவது வேலையைப் பொதுப்பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மையச் சர்வருக்கு வந்துசேரும் பதிவுகளை அது வரிவரியாகப் பார்த்து, நிர்வாகி கொடுத்த சொல்வடிவங்களோடு பொருந்தினால் மின்னஞ்சலோ மணியோசையோ அனுப்பும்.

2000க்குப் பின் சர்வர்கள் பத்துகளிலிருந்து ஆயிரங்களாயின. 2003இல் தொடங்கிய 'ஸ்பிளங்க்' நிறுவனத்தின் பெயர் குகைக்குள் தவழ்ந்து ஆராய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பதிவுகளுக்குள் புகுவது அன்று அப்படித்தான் இருந்தது. 2009இல் ஜோர்டன் சிசல் 'லாக்ஸ்டேஷ்' கருவியையும், 2010இல் ஷே பானன் 'எலாஸ்டிக்சர்ச்' தேடுபொறியையும் வெளியிட்டனர். ரஷீத் கான் உருவாக்கிய 'கிபானா' இவற்றுக்குத் திரையானது. ஒன்று பதிவுகளைத் திரட்டிப் பிரிக்கும், ஒன்று தேடும், ஒன்று வரைபடமாகக் காட்டும். இம்மூன்றும் திறந்தமூல மென்பொருளாகக் கிடைத்ததால், பெரும் உரிமக் கட்டணம் செலுத்த இயலாத இந்தியச் சிறுநிறுவனங்களும் அவற்றைக் கொண்டு தம் பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்க முடிந்தது.

இங்கும் மோரியின் பாடம் மீண்டது. தோன்றியபடி எழுதிய வாக்கியங்களைப் பிரிக்க விதிமேல் விதி எழுதிய குழுக்கள், நிரலாளர் ஒரு சொல்லை மாற்றியதும் விதி உடைவதைக் கண்டன. எனவே பதிவை வாக்கியமாக எழுதாமல், நேரம் இது, சேவை இது, கோரிக்கை எண் இது, விளைவு இது என்று பெயரிட்ட கட்டங்களாக எழுதும் வழக்கம் பரவியது. ஒரே கோரிக்கை பத்து சர்வர்களைக் கடந்தாலும் அதே எண் எல்லாப் பதிவிலும் இருந்தால், தேடல் ஒரே அடியில் முடியும். இரவில் ஒருவர் பத்துத் திரைகளைத் திறந்து நேரத்தை ஒப்பிட்டு அலைந்த வேலை இப்படித்தான் குறைந்தது. வேகமான கணினியால் மட்டும் குறையவில்லை.

தானியக்கத்தின் எல்லையைக் காட்டிய நிகழ்ச்சி 2013இல் நடந்தது. அமெரிக்காவின் டார்கெட் சில்லறை வணிக நிறுவனத்தில் புகுந்த தீநிரல், ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்களைத் திருடியது. அந்நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவி நவம்பர் 30 அன்றே எச்சரிக்கை எழுப்பியது என்றும், பெங்களூரில் இருந்த குழு அதைக் கண்டு மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்றும், அதன்பின் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் மறு ஆண்டில் செய்திகள் வெளியாயின. ஆராய்ந்தபோது உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று தம் குழு முடிவுசெய்திருந்ததாக நிறுவனமும் ஒப்புக்கொண்டது. கருவி தன் வேலையைச் செய்தது. பெங்களூரில் இருந்தவர்களும் தம் வேலையைச் செய்தார்கள். 1853இல் எழுதப்பட்ட கடிதத்துக்கு நேர்ந்ததே இந்த எச்சரிக்கைக்கும் நேர்ந்தது.

இத்தகைய அலட்சியத்துக்கு மனித இயல்பை மட்டும் குறைகூற முடியாது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்து, அவற்றுள் பெரும்பாலானவை பொய்யாக இருந்தால், மெய்யான ஒன்றும் அவற்றோடு கலந்துவிடும். நிரலாளர் ஒவ்வொருவரும் 'பிழை' என்ற சொல்லைத் தத்தம் பொருளில் ஆண்டால், எட்டுப் படிகளும் எட்டு ஓசைகளாகவே எஞ்சும். சுமையைக் குறைக்க வந்த தானியக்கம் ஒரு சுமையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிடும். கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நூலில், கையால் திரும்பத் திரும்பச் செய்யப்படுவதும், கணினிக்கு மாற்றக்கூடியதும், நிலைத்த பயன் தராததுமான வேலைக்குத் தனிப்பெயர் இட்டு, ஒருவரது பணிநேரத்தில் அது பாதியைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார்கள். மறுபாதி நேரம் அவ்வேலையே எழாதவாறு அமைப்பைத் திருத்துவதற்கு உரியது என்பது அவர்கள் கருத்து.

இந்தியாவில் இவ்வரலாறு 2022 ஏப்ரல் 28 அன்று சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டது. கணினி அவசரநிலைகளைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் ஆணைகளை வெளியிட்டது. கணினி அமைப்புகளின் பதிவுகளை இயக்கிவைத்து, 180 நாட்களுக்குத் தொடர்ச்சியாகப் பாதுகாக்க வேண்டும். கடிகாரங்களை, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை, தெரியவந்த 6 மணிநேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

மூன்று விதிகளிலும் பழைய மூன்று சிக்கல்கள் தெரிகின்றன. பலகையை எப்போது துடைப்பது என்பதற்கு 180 நாட்கள் விடை. எவர் கடிகாரம் சரி என்பதற்குத் தேசிய நேரம் விடை. இவ்விரண்டையும் நிரல்களிடம் ஒப்படைத்துவிடலாம். கையால் செய்வது இனி நடவாத காரியமும்கூட. ஆனால் 6 மணிநேரம் என்பது வேறு வகை. படித்து, பொருள் கண்டு, இது பொய்யெச்சரிக்கை அன்று என்று ஒருவர் முடிவுசெய்து, மேலிருப்பவரை எழுப்ப வேண்டிய நேரம் அது.

பதிவு மேலாண்மையைத் தானியக்கமாக்கும் எந்தத் திட்டத்தையும் இந்த இடத்தில் வைத்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. சேகரிக்கவும் பெயர்க்கவும் துடைக்கவும் செலவான மணிநேரங்களை அது மீட்டுத் தருகிறது. மீட்ட நேரத்தில் ஆட்களைக் குறைத்துவிட்டால், படிப்பதற்கு ஆள் இல்லாத ஒழுங்கான குவியல் ஒன்றுதான் மிஞ்சும். லண்டனில் ஒப்படைக்கப்பட்டு அடுக்கில் உறங்கிய பதிவேடுகளும் ஒழுங்காகவே எழுதப்பட்டவைதாம். மீட்ட நேரம் படிப்பவருக்கே திரும்பினால், நள்ளிரவில் திரையின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரு வரியைச் சந்தேகிக்கவும், அதைப் பின்தொடரவும், சொல்லவும் இயலும். அவர் சொல்வதைக் கேட்க மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்கு, மாத்லா ஆற்றங்கரையில் அழிந்த துறைமுகம் சான்றாக இருக்கிறது.